பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பம்ப் ஸ்டொப்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் வைத்திருந்த எல்லோரும் அதையே தட்டித் திருத்தி ஓடப் பழகினார்கள். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊருக்கு இது பெரிய விஷயமில்லை. எஞ்சின், பிரேக் பற்றிக் கேட்டால் நம் கராஜ்களில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பம்ப் ஸ்டொப் என்றால்தான் ஆளுக்கொரு கதை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாயால் வந்தபடியே எழுதியிருக்கிறேன். உதாரணங்களில் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது யூனோஸ் ரோட்ஸ்டர், அடிக்கடி வரும். இந்தச் சிக்கல் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அண்ணை, பம்ப் ஸ்டொப் எண்டால் எது? சொக்கின்ரை ஒரு பகுதியோ?

சொக் அப்சோபரின் தண்டில், சொக்கைக் காரோடு பூட்டும் மேல் மவுண்டுக்குக் கீழே, தூசு உறைக்குள் ஒளிந்திருக்கும் கட்டையான றப்பர் அல்லது ஃபோம் துண்டு. நடுவில் துளை இருக்கும், பெரும்பாலும் கீழ்ப்பக்கம் ஒடுங்கியிருக்கும். சக்கரம் அளவுக்கு மீறி மேலே வரும்போது சொக்கின் உடல் வந்து இதில் முட்டும். இது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் மோதும், அல்லது சொக்கின் உள்ளே இருக்கும் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும்.

எல்லாக் காரிலும் சொக்கின் தண்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எம்ஜிபி, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் அது சசியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், பூட்டிய தனி றப்பர் கட்டை. அதைப் பிறகு பார்ப்போம்.

பெரிய குழியிலை விழுந்தால் மட்டும்தானே அதுக்கு வேலை? அதுக்கு ஏன் இவ்வளவு கதை?

கனபேர் நினைப்பது இப்படித்தான். லொறிக்கு அது ஓரளவு சரி. உயரம் குறைந்த, பதிவான ஸ்போர்ட்ஸ் காரில் பம்ப் ஸ்டொப் இரண்டாவது ஸ்பிறிங். எம்எக்ஸ்-5 போன்ற காரில் சொக்கின் ஓட்டமே, அதாவது அது மேலும் கீழும் போகும் தூரமே, குறைவு. அதனால் இரண்டு பேர் ஏறி, வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலே வெளிப்பக்கச் சக்கரத்தின் பம்ப் ஸ்டொப் தொட்டுவிடலாம். வடிவமைத்தவர்களும் அது தொடும் என்று கணக்கில் எடுத்துத்தான் அதன் வடிவத்தையும் மென்மையையும் தீர்மானித்திருப்பார்கள்.

தொடுவது பிழையில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடுகிறது, தொட்டபின் எவ்வளவு மெதுவாக இறுகுகிறது என்பதுதான் விஷயம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றைச் சுற்றித்தான் போகும்.

என்ரை காரிலை அது நல்லா இருக்கோ, கெட்டுப்போச்சோ எண்டு கழட்டாமல் தெரியுமோ?

ஓரளவு தெரியும். கொக்குவில், இணுவில், சுன்னாகம் பக்கத்து ரயில் கடவைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போதே ‘டொக்’ என்று முதுகுத்தண்டில் அடிக்கிறதா? அதே கடவையில் ஆள் ஏற்றாமல் போனால் சத்தம் இல்லையா? சந்தேகப்படலாம். பிறகு சக்கரத்தைக் கழற்றி, தூசு உறையைக் கையால் மேலே தூக்கி, டோர்ச் அடித்துப் பாருங்கள். உறையின் அடியில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பொடி கொட்டிக் கிடந்தால் அதுதான் உங்கள் பழைய பம்ப் ஸ்டொப்.

முப்பது வருடக் காரில் அது முழுசாக இருந்தால்தான் அதிசயம். ஃபோம் வகைப் பொலியூரித்தேனுக்கு வெயிலை விட ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்ததுதான் எதிரி. பொலியெஸ்டர் வகையில் ஈரம் அதன் இரசாயனச் சங்கிலியையே அறுத்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு விரலால் கிள்ளினால் உதிரும். ஓடாமல் கராஜுக்குள் மூடி வைத்த காரிலும் இது நடக்கும். ‘கார் ஓடவே இல்லை, அப்ப சாமான் புதுசு மாதிரித்தான் இருக்கும்’ என்று விற்பவர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, உறையைத் தூக்கிப் பாருங்கள்.

றப்பர்தான் உழைக்கும், ஸ்பொஞ்ச் மாதிரி இருக்கிறது ரெண்டு வருசத்திலை போயிடும் எண்டு கடைக்காரர் சொல்லுறார். உண்மையோ?

ஆயுளில் கட்டி றப்பர் வெல்லலாம். ஆனால் அது செய்யும் வேலை வேறு.

கட்டி றப்பரை நசுக்க முடியாது. அழுத்தினால் அதன் பருமன் குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் முடிந்ததும் கல்லாகிவிடும். பாதி உயரத்துக்கு அழுத்துவதற்குள்ளேயே இந்த நிலை வந்துவிடும். நுண்துளை ஃபோம் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் மூடுவதால் நசுங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு உயரம் வரைக்கும், சிலவேளை அதற்கும் கீழே போகும், அகலமும் பெரிதாகக் கூடாது. தொடும்போது மென்மையாகத் தொடங்கி, போகப் போக இறுகும். பிஏஎஸ்எஃப் நிறுவனம் செலாஸ்டோ என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பதும் இதுதான்.

ஆகவே றப்பர் பம்ப் ஸ்டொப் உள்ள ஜப்பான் காருக்கு நல்ல ஃபோம் பொருத்துவது உண்மையான முன்னேற்றம். ஃபோம் உள்ள காரில் அதைக் கழற்றிவிட்டு றப்பர் போடுவது பின்னுக்குப் போவது. ‘ரெண்டு வருசம்’ என்ற கணக்கை நான் நம்பவில்லை. கெட்டுப்போனதாகக் காட்டப்படும் ஃபோம் பெரும்பாலும் காரோடு வந்த கிழட்டு ஃபோம்தான்.

சிவப்பு நிறத்திலை கெட்டியா வருதே, அது? பார்க்க வடிவாயிருக்கு.

அதுவும் பொலியூரித்தேன்தான், ஆனால் குமிழியில்லாத கட்டி வகை. குணத்தில் மேலே சொன்ன றப்பருக்குப் பக்கம், அதைவிடக் கடினம். பெரிய பாய்ச்சல் பாயும் ஜீப்புக்கு, கடைசித் தடுப்பாகச் சரி. வளைவில் ஸ்டொப்பில் சாய்ந்து ஓடும் சிறிய காருக்கு வேண்டாம். வடிவுக்காக என்றால் வேறு எதையாவது சிவப்பாக்குங்கள்.

காரின்ரை உயரத்தைக் குறைச்சுப் பதிச்சிருக்கிறன். ஸ்டொப்பை வெட்டிவிடச் சொல்லுறாங்கள். வெட்டலாமோ?

ஸ்பிறிங்கைக் கட்டையாக்கி 30 மில்லிமீற்றர் பதித்தால், சக்கரம் மேலே போக இருந்த இடத்தில் 30 மில்லிமீற்றரை நீங்களே சாப்பிட்டுவிட்டீர்கள். கார் இப்போது ஸ்டொப்பில் உட்கார்ந்தபடியே ஓடுகிறது. துள்ளுகிறது. ஆள் சொக்கைக் குற்றம் சொல்கிறார், புது சொக் வாங்குகிறார், திரும்பவும் துள்ளுகிறது. இதுதான் வழமையான கதை.

வெட்டினால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். கார் நிலத்தில் நிற்கும்போது சொக்கின் உடலுக்கும் மேல் மவுண்டுக்கும் இடையே 60 மில்லிமீற்றர் தண்டு தெரிகிறது, ஸ்டொப் 45 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுமுன் 15 மில்லிமீற்றர் சுதந்திர ஓட்டம். ஃபோம் 45-இலிருந்து 15-க்கு நசுங்கினால் இன்னும் 30. மொத்தம் 45. இப்போது ஸ்டொப்பை 30 ஆக வெட்டுகிறோம். சுதந்திர ஓட்டம் 30. நசுங்குவது 30-இலிருந்து 10-க்கு, அதாவது 20. மொத்தம் 50.

பார்த்தீர்களா, மூன்றில் ஒரு பங்கை வெட்டியும் மொத்த ஓட்டத்தில் கூடியது 5 மில்லிமீற்றர்தான். தொடுவது தாமதமாகிறது, அது ஆதாயம். ஆனால் கட்டையான அதே ஃபோம் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஒன்றரை மடங்கு கடினமாக எதிர்க்கும், அதிர்ச்சியை வாங்கும் அளவும் குறையும். போதாக்குறைக்கு அந்தக் கடைசி 5 மில்லிமீற்றரில் ரயர் மட்கார்டில் முட்டலாம், சொக் அடியில் இடிக்கலாம். அளக்காமல் வெட்டக்கூடாது என்பது இதற்காகத்தான்.

சரி, வெட்டித்தான் ஆகவேணும் எண்டால் எந்தப் பக்கத்தை வெட்டுறது?

தடித்த பக்கத்தை, அதாவது மேல் மவுண்டில் இருக்கும் பக்கத்தை. ஒடுங்கிய நுனிதான் மென்மையான தொடக்கத்தைத் தருவது. அதை வெட்டி எறிந்தால் தொட்டவுடனேயே தடித்த பகுதி அடிக்கும். கூரான கத்தியால் நேராக வெட்டுங்கள். சரிந்த வெட்டு, தண்டை ஒரு பக்கம் தள்ளும்.

ஆகக் குறைஞ்சது எவ்வளவு உயரம் வேணும்? அதை எப்பிடி அளக்கிறது?

சோம்பல்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஒரு மூலையின் ஸ்பிறிங்கையும் பம்ப் ஸ்டொப்பையும் எடுத்துவிட்டு, சொக்கையும் மேல் மவுண்டையும் மட்டும் திரும்பப் பூட்டி, சக்கரத்தையும் மாட்டுங்கள். சக்கரத்துக்குக் கீழே ஜக்கை வைத்து மெதுவாகத் தூக்குங்கள். ஏதாவது ஒன்று முதலில் முட்டும்: ரயர் மட்கார்டில், அல்லது சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கை சசியில், அல்லது சொக் தன் அடியில். முட்டும் இடத்திலிருந்து ஐந்து முதல் பத்து மில்லிமீற்றர் இறக்கி, தெரியும் தண்டின் நீளத்தை அளங்கள். முன் சக்கரமென்றால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பியும் பாருங்கள்.

அந்த நீளம்தான் முழுதாக நசுங்கிய ஸ்டொப்பின் உயரமாக இருக்க வேண்டும். ஃபோம் மூன்றில் ஒரு பங்குக்கு நசுங்கும் என்று எடுத்தால், அதை மூன்றால் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான முழு உயரம் கிடைக்கும். 12 மில்லிமீற்றர் வந்தால் 36. இதற்குக் கீழே வெட்டாதீர்கள்.

இன்னொன்று. சொக் 10 மில்லிமீற்றர் நகர்ந்தால் சக்கரமும் 10 நகரும் என்று நினைக்க வேண்டாம். இரட்டை விஷ்போன் காரில், அதாவது சக்கரத்தை மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும் காரில், சொக் கையின் நடுப்பக்கமாகப் பூட்டியிருப்பதால் சக்கரம் 10 நகர சொக் 7 அளவில்தான் நகரும். மேல் கை இல்லாமல் சொக்கே சக்கரத்தைப் பிடிக்கும் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள டொயோட்டா எம்ஆர்2 போன்றவற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

ஓடேக்கை உண்மையிலை எவ்வளவு தூரம் போகுது எண்டு பார்க்க வழி இருக்கோ?

இருக்கு, காசு செலவில்லாத வழி. தூசு உறையைத் தற்காலிகமாக மேலே கட்டிவிட்டு, சொக்கின் தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி, கீழே உடலோடு ஒட்டத் தள்ளிவிடுங்கள். ஓடிவிட்டு வந்து பார்த்தால் டை எவ்வளவு மேலே ஏறி நிற்கிறது என்பது தெரியும். அதுதான் சொக் போன ஆகக் கூடிய தூரம்.

எங்கே ஓடுகிறீர்கள் என்பது முக்கியம். பலாலி வீதியின் நல்ல கார்ப்பெற்றில் மட்டும் ஓடிவிட்டு ‘இடம் தாராளமாக இருக்கு’ என்று சொன்னால் அது கணக்கில்லை. நீங்கள் தினமும் போகும் ஒழுங்கை, மதகு, வேகத்தடை, ரயில் கடவை எல்லாம் சேர வேண்டும். கொழும்புக்கு அடிக்கடி போகிறவர் இரண்டு பேரும் பெட்டிகளுமாக ஏ9 வீதியில் ஒருமுறை பார்க்க வேண்டும். பின்பக்கம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

வெட்டாமல், காரை மேலையும் தூக்காமல், ஓட்டத்தைக் கூட்ட ஏலாதோ?

சில கார்களில் முடியும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்குத் தெரிந்த வழி, 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையின் மேல் மவுண்டையும் அதற்குரிய பம்ப் ஸ்டொப்பையும் சேர்த்துப் போடுவது. அந்த மவுண்டின் வடிவம் சொக்குக்குக் கூடுதல் ஓட்டம் தருகிறது. மவுண்டின் றப்பர் இருக்கைகளையும் சேர்த்தே எடுங்கள்.

இரண்டாவது வழி கொஞ்சம் கடினமான ஸ்பிறிங். ஸ்பிறிங் மென்மையாக இருந்து, ஸ்டொப் அடிக்கடி அடிக்கும் காரை விட, ஸ்பிறிங் சற்று இறுக்கமாக இருந்து ஸ்டொப் அபூர்வமாகத் தொடும் கார் நம் வீதிகளில் வசதியாக இருக்கும். சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், ஓடிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மூன்றாவது வழி உங்கள் கேள்வியிலேயே தள்ளிவிட்ட வழி: காரை 10 மில்லிமீற்றர் தூக்குவது. என்னைக் கேட்டால் அதுதான் முதலாவது.

உயரத்தை மாத்தக்கூடிய ஸ்பிறிங்கும் சொக்கும் சேர்ந்த கொயிலோவர் வாங்கினால் இந்தப் பிரச்சினை எல்லாம் முடிஞ்சுதே?

உடலின் நீளத்தையே மாற்றக்கூடிய நல்ல வகையென்றால் பெரும்பகுதி முடியும், ஏனென்றால் பதித்தாலும் சொக்கின் ஓட்டம் குறையாது. மலிவான வகைகளில் ஸ்பிறிங்கின் இருக்கையை மட்டும் கீழே இறக்குவார்கள். அது ஸ்பிறிங்கை வெட்டுவதற்குச் சமம், மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். அவற்றோடு வரும் ஸ்டொப்பும் சின்னதாக, கெட்டியாகத்தான் இருக்கும். அதை மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

தலைகீழாகப் பூட்டிய சில பில்ஸ்டீன் நிறுவன ஸ்ட்ரட்களில் பம்ப் ஸ்டொப் உள்ளேயே இருக்கும், வெளியே பார்த்தால் ‘இல்லை’ போலத் தெரியும். அதில் வெளியே ஒன்றைச் சொருகாதீர்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகளிலை வேறை காரின்ரை ஸ்டொப் கிடைக்குது. போடலாமோ?

போடலாம், காரின் பெயரைப் பார்த்து வாங்காமல் அளவைப் பார்த்து வாங்கினால். உள்துளை சொக்கின் தண்டுக்குச் சரியாக வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் தண்டை உரசும், தொளதொளத்தால் சரிந்து நிற்கும். வெளிவிட்டம் மேல் மவுண்டின் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும், சொக்கின் தலையில் முழுதாக உட்கார வேண்டும். உயரம், மேலே அளந்தது. பிறகு கையால் அழுத்திப் பாருங்கள். நுனி எளிதில் அமுங்க வேண்டும், விட்டவுடன் திரும்பி எழ வேண்டும். அமுங்கியபடியே நின்றால் அது செத்த சாமான், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

1,600 கிலோ வானின் ஸ்டொப்பை ஒரு தொன்னுக்கும் குறைந்த ரோட்ஸ்டரில் போட்டால் உள்துளை பொருந்தினாலும் கட்டி றப்பர் போட்ட மாதிரித்தான் இருக்கும்.

எங்கடை எம்ஜிபிக்கும் மொறிஸ் மைனருக்கும் இதெல்லாம் பொருந்துமோ?

தத்துவம் பொருந்தும், வேலைமுறை வேறு. எம்ஜிபியில் சொக் கைநெம்பு வகை, அதில் தண்டே இல்லை. பின் அச்சுக்கு மேலே சசியில் றப்பர் கட்டை இருக்கும். கேபிள் டை கட்ட இடமில்லாததால், பிள்ளைகள் விளையாடும் களியை றப்பரில் ஒட்டிவிட்டு ஓடுங்கள், நசுங்கிய தடம் சொல்லும். 1974 கடைசியிலிருந்து வந்த றப்பர் பம்பர் எம்ஜிபிகள் அமெரிக்கச் சட்டத்துக்காக உயர்த்தப்பட்டவை. அவற்றைப் பழைய உயரத்துக்குப் பதிப்பவர்கள் அச்சுக்கும் றப்பருக்கும் இடையே மிச்சம் என்ன என்று பார்க்க மறந்துவிடுவார்கள். அச்சு கீழே தொங்காமல் பிடிக்கும் பட்டியையும் அப்போதே மாற்றுங்கள்.

மைனரில் என்றால், இலை ஸ்பிறிங் தளர்ந்து அச்சு றப்பரில் தூங்குவதுதான் வழமை. புது றப்பர் போட்டால் இன்னும் மோசமாகும். முதலில் ஸ்பிறிங்.

வீட்டிலையே மாத்தலாமோ?

சொக்கைச் சுற்றி ஸ்பிறிங் உள்ள காரில், ஸ்பிறிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிறிங் கொம்பிறெசர் இல்லாமல் மேல் நட்டைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிறிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். கயிறு, கம்பி கட்டிச் செய்கிறவர்களைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

மற்றபடி பொறுமையான வேலைதான். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் ஓடிய காரின் போல்ட்டுகள் உப்புக் காற்றில் பிடித்திருக்கும், முதல் நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மேல் நட்டைக் கழற்றும்போது தண்டு சுழன்றால் அதன் தலையிலுள்ள பிடிப்பில் சாவி போடுங்கள். பளபளப்பான பகுதியைக் குறட்டால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் சொக்கின் எண்ணெய்ச் சீல் வெட்டுப்படும், எண்ணெய் கசியும். ஃபோமுக்குக் கிறீஸ் தேவையில்லை. தூசு உறையைக் கட்டாயம் திரும்பப் போடுங்கள்.

அலைன்மென்ற் பார்க்க வேணுமோ?

கையின் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் ஆம். அந்தப் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம் கார் நிலத்தில் நிற்கும்போதுதான், இல்லாவிட்டால் கையின் மூட்டிலுள்ள றப்பர் புஷ் முறுகியபடியே இருந்து கிழியும்.

முன்னுக்கு மட்டும் மாத்தினால் காணாதோ? பின்னுக்குச் சத்தம் இல்லை.

சத்தத்துக்குக் காணும். ஓட்டத்துக்குக் காணாமல் போகலாம். வளைவில் வெளிப்பக்க முன் ஸ்டொப் திடீரென்று இறுகினால், முன் அச்சு சட்டென்று கடினமாகி, கார் வளைய மறுத்து நேரே தள்ளும். பின் ஸ்டொப் இறுகினால் வால் வெளியே வரும். முன்னுக்குப் புது ஃபோம், பின்னுக்குப் பொடிந்துபோன ஸ்டொப் என்று ஓடினால், முன்பக்கம் மெதுவாக ஏற்றுக்கொள்ளும் அதே வளைவில் பின்பக்கம் இரும்பில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், பின்சக்கர இழுவைக் காரில், இது விளையாட்டில்லை. நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே உயரம் இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு அச்சின் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாம் மாத்தியும் ‘டக்’ எண்டு கேக்குது. காசு வீணோ?

எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள். வேகத்தடையில் ஏறும்போது என்றால் இன்னும் ஸ்டொப் பக்கம்தான், கேபிள் டை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இறங்கி, சக்கரம் கீழே தொங்கும்போது என்றால் சொக் மறுமுனையில் அடிக்கிறது, அதற்கும் பம்ப் ஸ்டொப்புக்கும் சம்பந்தமில்லை. சின்னச் சின்னக் கற்களில் இடைவிடாமல் என்றால் மேல் மவுண்டின் புஷ், அல்லது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் அன்ரி-ரோல் பாரின் லிங்க். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

லண்டனிலை இருந்து மச்சான் வாறார். என்ன சாமான் எண்டு சொல்லி விடுறது?

பம்ப் ஸ்டொப் என்பது பெட்டிக்குள் சப்பாத்துக்குள்ளே வைத்துக் கொண்டுவரக்கூடிய சாமான், ஆகவே தயங்காமல் கேளுங்கள். காரின் பெயரும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது. சொக் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் அந்த சொக்கின் தண்டு விட்டம், மேல் மவுண்டுக் கிண்ணத்தின் விட்டம், நீங்கள் அளந்த முழு உயரம், இந்த மூன்றையும் வெர்னியரால் அளந்து மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். ‘நுண்துளைப் பொலியூரித்தேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிவப்புக் கட்டி வந்து சேரும்.

நாலுக்குப் பதில் ஆறு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பிறகு உதவும் என்று. இந்த ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அலுமாரிக்குள் கிடந்தாலும் ஃபோம் கிழடாகும். நாலு போதும்.